பதிவைவிடப் பதில் முக்கியம்: மாதம் ஆயிரம் ரூபாயில் குழுவுக்கும் சங்கத்துக்கும் சமூக ஊடக விளம்பரம்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் கருவாடு போடும் மகளிர் குழுக்கள், சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் சங்கங்கள், ஓலைப்பெட்டி முடைகிறவர்கள், மாலை டியூஷன் நடத்தும் சின்ன அறக்கட்டளைகள் என்று ஏகப்பட்ட அமைப்புகள் உண்டு. பலருக்கும் ஒரு ஃபேஸ்புக் பக்கம் இருக்கும். அதில் கடைசியாகப் போட்டது எப்போதோ ஒரு குடியரசு தின வாழ்த்து. அதற்குக் கீழே யாரோ ஒருவர் "நெத்திலி கிலோ என்ன விலை?" என்று கேட்டிருப்பார். பதில் இருக்காது.

இந்தப் பக்கங்கள் தோற்பது பணம் இல்லாததால் அல்ல, பதில் சொல்ல ஆள் இல்லாததால். ஆகவே எந்தச் செயலி, எந்த நேரம், என்ன ஹேஷ்டேக் என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம். கேள்வி வந்த அன்றைக்கே போனை எடுத்துப் பதில் சொல்லப்போவது யார்? அதை முதலில் முடிவு செய்யுங்கள். அவருக்குத் தினமும் காலையில் 20 நிமிடம், சாயங்காலம் 20 நிமிடம் வேண்டும். அவர் ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். இந்த இரண்டு பெயரும் கிடைக்காவிட்டால் கணக்கே தொடங்காமல் இருப்பது நல்லது. பதில் வராத பக்கத்தைப் பார்ப்பவர், குழுவே கலைந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

மாதக் கணக்கு இப்படி வரும்: சிம் ரீசார்ஜ் சுமார் 300, விளம்பரம் 590, மீதி நூற்றுச் சொச்சம் பிரிண்ட் எடுக்க. ஒருமுறைச் செலவாக ஒரு காலர் மைக் (800 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும்), 400 ரூபாய் அளவில் ஒரு டிரைபாட். போன் யாரிடமாவது இருக்கும்.

வாட்ஸ்அப்தான் கடை

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் மூன்றும் வழிகாட்டும் போர்டு. காசு கைமாறுவது வாட்ஸ்அப்பில். ஆகவே அதைத்தான் முதலில் கட்ட வேண்டும்.

புது சிம் ஒன்றை அமைப்பின் பெயரிலோ, ஊரைவிட்டுப் போகாத நிர்வாகி ஒருவரின் பெயரிலோ வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். இலவசம்தான். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸிலும் ஒரே சமயத்தில் வைக்க முடியாது. தலைவியின் சொந்த எண்ணை மாற்றிவிட்டால் அவருடைய வீட்டுப் பேச்செல்லாம் கடைக்குள் வந்துவிடும். தனி எண் கேட்பது அதற்காகத்தான்.

அதில் செய்ய வேண்டியவை நான்கு. கேட்டலாக்கில் பொருள்களை ஏற்றுங்கள்; படம், எடை, விலை மூன்றும் இல்லாத பொருளை ஏற்றாதீர்கள். விலையை மறைத்து "இன்பாக்ஸ் வாங்க" என்று சொல்கிற பழக்கம் வாங்க வந்தவரை விரட்டும். அடுத்தது விரைவுப் பதில்கள்: விலைப்பட்டியல், பார்சல் கட்டணம், வங்கி விவரம் மூன்றையும் எழுதிச் சேமித்துவிட்டால், சாய்கோடு (/) ஒன்றைத் தட்டி வேண்டியதைத் தேர்ந்தெடுத்ததும் முழு வாசகமும் வந்து விழும். மூன்றாவது, ஒவ்வொரு வாடிக்கையாளரின் பேச்சுக்கும் ஒட்டும் லேபிள்: புதுசு, பணம் வரணும், பார்சல் போகணும், முடிஞ்சது. நான்காவது, இரவு நேரத்துக்கான தானியங்கிப் பதில். "நாளைக் காலை 8 மணிக்குள் பதில் வரும்" என்று போட்டால் அந்த 8 மணியைக் காப்பாற்ற வேண்டும்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். இது தெரியாமல் "200 பேருக்கு அனுப்பினோம், ஒருத்தரும் வாங்கவில்லை" என்று கைவிட்டவர்கள் நிறைய. முதல் ஆர்டர் முடிந்ததும் இப்படி ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "இந்த நம்பரை 'கருவாடு அக்கா'ன்னு சேவ் பண்ணிக்கோங்கண்ணே, புது சரக்கு வந்தா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவோம்." பெயரையும் நீங்களே சொல்லிக் கொடுப்பதில் ஒரு லாபம் உண்டு: நான்கு மாதம் கழித்துத் தேடும்போது அவருக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும்.

எங்கேயோ கிடைத்த எண்களையெல்லாம் குழுவில் திணிக்காதீர்கள். புது எண்ணிலிருந்து தெரியாதவர்களுக்கு மொத்தமாக அனுப்பி, அவர்களில் சிலர் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் வாட்ஸ்அப் எண்ணையே முடக்கிவிடும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஊர்க் குழுக்களில் வளைகுடாவில் இருப்பவர்கள் நிறைய இருப்பார்கள், நல்ல வாடிக்கையாளர்கள். அங்கே அட்மினிடம் முதலில் கேளுங்கள் (அண்ணனை அங்கே காக்கா என்பார்கள்): "காக்கா, மாசம் ஒரு தடவை ஒரே ஒரு போட்டோ போட்டுக்கலாமா?" அனுமதி கிடைத்தால் அந்த ஒன்றோடு நிறுத்துங்கள்.

கூகுள் மேப்பில் ஒரு புள்ளி

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். ராமேஸ்வரம் வந்த குடும்பம் திரும்புகிற வழியில் "கருப்பட்டி எங்கே கிடைக்கும்" என்று தேடும்போது இதுதான் கண்ணில் படும். சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். தெரு, பெயர்ப்பலகை, உள்ளே பொருள், பூட்டைத் திறக்கும் கை என எல்லாவற்றையும் இடையில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். கொட்டகையில் வேலை நடக்கிற குழுக்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன, ஏனென்றால் பெயர்ப்பலகை இருக்காது. சின்ன ஃபிளெக்ஸ் ஒன்று அடித்து மாட்டிவிட்டு எடுங்கள். அறிமுக வரிகளில் ராமநாதபுரம், இராமநாதபுரம், ராம்நாடு மூன்றும் வரட்டும். ஆங்கில எழுத்திலும் ஒருமுறை வரட்டும். தேடுபவர் எப்படி அடிப்பார் என்று சொல்ல முடியாது.

25 விநாடி வீடியோ

வாரம் இரண்டு போதும். தினமும் போட வேண்டும் என்று கிளம்பினால் மூன்றாவது வாரம் "இனிய காலை வணக்கம்" படத்தில் வந்து நிற்கும்.

முதல் 3 விநாடியில் வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும்: கொதித்த பாகைச் சிரட்டையில் ஊற்றுவது, நெத்திலியின் தலையைக் கிள்ளுவது, ஓலையை வகிர்வது. பெயரும் லோகோவும் சுற்றிச் சுழன்று வருகிற முன்னுரை வேண்டாம். அதற்குள் பார்ப்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போயிருப்பார். அடுத்த 12 விநாடி வேலையின் இரண்டு மூன்று கட்டங்கள். பிறகு 7 விநாடி செய்கிறவர் முகம் காட்டி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஒன்றே ஒன்று: "இது மணல்ல போட்டுக் காய வச்சதில்லை, வலை கட்டுன மேடையில காஞ்சது, அதான் மண்ணு நெருடாது." கடைசி 3 விநாடியில் விலையும் எண்ணும்.

போனை நெட்டுக்குத்தாக, 9:16 அளவில் பிடியுங்கள். விலை, எண், பெயர் எதையும் திரையின் கீழ்க் கால் பகுதியில் எழுதாதீர்கள். செயலியின் பொத்தான்களும் தலைப்பும் அங்கேதான் மறைக்கும். பேச்சைத் தமிழ் எழுத்தாகவும் திரையில் போடுங்கள், பஸ்ஸில் பார்ப்பவர் சத்தம் வைக்க மாட்டார்.

இந்தக் கரையில் வீடியோவைக் கெடுப்பது காற்று. கச்சான் என்கிற மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ திறந்த வெளியில் எடுத்தால் போன் மைக்கில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. காலர் மைக்கின் தலைக்கு ரோமப் பொம்மை போல ஒரு உறை வரும். அது இல்லாமல் வெளியே எடுக்காதீர்கள். வெறும் ஸ்பாஞ்ச் உறை கடற்காற்றுக்குத் தாங்காது. பேசுபவரைக் கரையேற்றி வைத்த படகின் மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். மைக் கழுத்திலிருந்து ஒரு சாண் கீழே இருக்கட்டும், முந்தானையோ துப்பட்டாவோ அதில் உரசக் கூடாது. அப்படியும் சத்தம் கெட்டால், படத்தை அங்கே எடுத்துக்கொண்டு பேச்சைப் பிறகு வீட்டுக்குள் பதிவுசெய்து மேலே ஒட்டிவிடலாம். கைபேசி எடிட்டிங் செயலி எதிலும் இது முடியும்.

இரண்டாவது எதிரி உப்பு. அலைத் துளி லென்ஸில் காய்ந்து மங்கலாக்கும். அப்படியே துணியால் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறிவிடும். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். வெளிச்சத்துக்குக் காலை 6.30 முதல் 8 வரை, மாலை 4.30 முதல் 6 வரை நல்ல நேரம். உச்சி வெயிலில் வெள்ளை மணல் மின்னி முகம் கறுத்துப் போகும். அந்த நேரத்தில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் ஓலைக் கொட்டகையின் வாசலில், முகம் வெளியே பார்க்க உட்கார வைத்து, திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள்.

சினிமாப் பாட்டு போடாதீர்கள். உரிமைப் பிரச்சினையில் சத்தம் அடைக்கப்படும், விளம்பரமாகவும் ஓட்ட முடியாது. யூடியூப் ஆடியோ லைப்ரரி, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷன் இரண்டிலும் இலவச இசை உண்டு. பாகு கொதிக்கிற சத்தம் அதைவிட நன்றாக இருக்கும் என்பது வேறு விஷயம். ரெடிமேட் டெம்ப்ளேட்டில் வருகிற மீனவர் படங்களையும் தவிருங்கள். கூம்புத் தொப்பி போட்ட யாரோ எந்தத் தேசத்துப் படகிலோ நிற்பார். நம் ஊர்க்காரன் ஒரு பார்வையில் கண்டுபிடித்துச் சிரிப்பான்.

எடுக்கக் கூடாதவையும் உண்டு. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. வலையில் வந்ததைக் காட்டினால்கூட வம்பு. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியில்லாமல் இறங்கி ரீல்ஸ் போட்டால், உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே வெளியிட்டதாகிவிடும். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது, எனவே ட்ரோன் ஆசையும் வேண்டாம்.

பதிவின் வாசகம்

"சுவையான, தரமான, சுகாதாரமான" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதனால் யாரும் படிப்பதில்லை. வாங்குபவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதுங்கள். ஒரு மாதிரி இங்கே, விலையை உங்கள் கணக்குப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

"நெத்திலிக் கருவாடு, தலை கிள்ளியது. அரைக் கிலோ 300 ரூபாய், பார்சல் தனி. நாட்டுப்படகு மீன். வலை மேடையில் இரண்டு வெயில் காய்ந்தது. உப்பு நடுத்தரம், சமைக்கும் முன் வெந்நீரில் 5 நிமிடம் போட்டால் போதும். இந்த வாரம் 18 பாக்கெட்தான் இருக்கிறது. வேண்டுவோர் 'நெத்திலி' என்று மட்டும் வாட்ஸ்அப் அனுப்புங்கள்."

'18 பாக்கெட்தான்' என்பது உண்மையாக இருக்க வேண்டும். தீர்ந்ததும் அதே பதிவில் "முடிந்தது" என்று எழுதுங்கள், அடுத்த முறை சீக்கிரம் கேட்பார்கள். உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவின் 14 இலக்க எண் பாக்கெட்டிலும் கேட்டலாக்கிலும் இருக்கட்டும். வெளியூர்க்காரர் முதல் முறை வாங்குவதற்கு முன் அதைத்தான் தேடுவார். பார்சல் ஆபீஸில் கருவாட்டு வாடைக்காகத் திருப்பி அனுப்புவதும் நடக்கும். வாக்யூம் பாக்கெட், அதன்மேல் கெட்டி பிளாஸ்டிக் உறை, அதன்மேல் அட்டைப்பெட்டி என மூன்றடுக்காகக் கட்டுங்கள். எந்த கூரியர் எடுக்கிறது என்பதை விளம்பரம் போடுவதற்கு முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

எப்போது எதைப் போடுவது

நாள்காட்டியைக் கரை போட்டுக் கொடுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பச்சை மீன் குறைந்து விலை ஏறும்போது கருவாட்டைக் கேட்பார்கள். அதற்கான வீடியோவையும் சரக்கையும் மார்ச்சிலேயே தயார் செய்யுங்கள். அதே மாதங்களில்தான் பதநீரும் கருப்பட்டியும் ஓடும். பொங்கலை ஒட்டிப் பனங்கிழங்கு. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகா சிவராத்திரி, ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு ஆகியவற்றுக்கு வெளியூர்க் கூட்டம் வரும். பத்து நாள் முன்னாலேயே மேப் இணைப்போடு பதிவு போட்டால் பயணத் திட்டத்தில் நீங்களும் இருப்பீர்கள். குண்டு மிளகாய் விற்கிறவர்கள் 2023-ல் கிடைத்த புவிசார் குறியீட்டைச் சொல்லலாம். ஆனால் கலப்பு மிளகாய்க்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

மெட்டா பிசினஸ் சூட்டில் ஒரு மாதப் பதிவுகளை முன்கூட்டியே அடுக்கி வைக்கலாம். வசதிதான், ஆபத்தும் அதில்தான். ஊர்ப் படகுகள் பிடிபட்டு ஆட்கள் சிறையில் இருக்கிற நாளிலோ, பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாளிலோ "வார இறுதி தள்ளுபடி" என்று சிரித்த முகத்தோடு தானாக ஒரு பதிவு போகும். ஊர் அதை மறக்காது. இப்படி நேரும்போது அடுக்கி வைத்ததையெல்லாம் நிறுத்த வேண்டியது யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்கட்டும். புயல் நேரத்தில் வானிலை ஆய்வு மையம், மாவட்ட நிர்வாகம் சொன்னதை மட்டும் பகிருங்கள். பழைய புயல் வீடியோக்கள் ஒவ்வொரு ஐப்பசியிலும் உயிர்த்தெழும்.

590 ரூபாயை எங்கே போடுவது

நாளுக்கு 100 வீதம் 5 நாள் 500, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 90, ஆக 590. முன்பணம் கட்டும் முறையில் யுபிஐ மூலம் அந்தத் தொகையை மட்டும் போட்டு வையுங்கள். கை மீறிப் போகாது. பதிவைக் காசு கொடுத்துப் பரப்பும் 'பூஸ்ட்' பொத்தானை அவசரமாக அழுத்தினால் பெரும்பாலும் லைக் தேடித்தான் காசு கரையும். விளம்பர நோக்கத்தைக் கேட்கும்போது 'வாட்ஸ்அப் செய்தி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோன் செயலிக்குள்ளிருந்து பூஸ்ட் செய்தால் ஆப்பிளின் கட்டணமும் சேரும், பிரவுசரில் செய்யுங்கள்.

இடம் தேர்வு செய்வதில்தான் பாதிப் பணம் வீணாகிறது. பலரும் தங்கள் ஊரிலேயே புள்ளி வைத்து 40 கிலோமீட்டர் வட்டம் போடுகிறார்கள். ராமேஸ்வரத்தில் அப்படிப் போட்டால் வட்டத்தில் பெரும்பகுதி கடல்தான். அதோடு கருவாடு காயும் ஊரிலேயே கருவாட்டு விளம்பரம் என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. மதுரை, திருப்பூர், கோயம்புத்தூர் என்று ஒரு மாதத்துக்கு ஒரு நகரம் வையுங்கள். டியூஷன், மருத்துவ முகாம், தையல் வகுப்பு போன்ற உள்ளூர்ச் சேவைக்கு விளம்பரமே வேண்டாம். பள்ளிவாசல், கோயில், சர்ச் அறிவிப்புப் பலகையில் கியூஆர் ஒட்டினாலே ஆள் வரும். அறிவிப்புச் சொல்ல முடியுமா என்று பாம்பனில் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியிடமும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மீனவர் கைது, மீன்பிடி உரிமை, சுற்றுச்சூழல் போராட்டம் பற்றிய பதிவுக்குக் காசு போட்டால், அரசியல், சமூகப் பிரச்சினை விளம்பரம் என்று சொல்லி மெட்டா நிராகரிக்கலாம். அதற்கு அடையாளச் சரிபார்ப்பை முடித்து, பணம் செலுத்தியவர் யார் என்ற வரியையும் சேர்க்க வேண்டும். சாதாரணப் பதிவாகப் போட இந்தத் தடை இல்லை.

நன்கொடை கேட்கும் அறக்கட்டளைகளுக்கு

வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடியுரிமையோடு, வழக்கமான வங்கி வழியில், தன் சொந்தச் சேமிப்பை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் ஆகும், அதற்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும். ஆகவே கியூஆரைப் பொத்தாம்பொதுவாக ஊர்க் குழுக்களில் சுற்றவிடாமல், இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் மட்டும் அனுப்பவும் என்று அதன் கீழேயே எழுதிவிடுங்கள். குழந்தைகளின் முகத்தைக் காட்டி உதவி கேட்பதைத் தவிருங்கள். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். கைகள், நோட்டுப் புத்தகம், முதுகுப் பக்கம் போதும். வாங்கிய பொருளின் பில்லைப் படமெடுத்துப் போடுவது எந்த அழுகைப் படத்தையும்விட அடுத்த நன்கொடையைக் கொண்டுவரும்.

பதிவு பெற்ற அமைப்பாக இருந்தால், லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு இலவச வசதிகள் தரும் கூகுள் ஃபார் நான்பிராஃபிட்ஸ், கேன்வா நான்பிராஃபிட்ஸ் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் எழுதும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

கணக்கும் காசும் கைவிட்டுப் போகும் வழிகள்

அடிக்கடி நடப்பது இது: பக்கத்தை ஒரு தம்பி தன் சொந்த ஃபேஸ்புக்கிலிருந்து தொடங்கிக் கொடுத்திருப்பான். அவன் சவுதிக்குப் போய், பழைய சிம்மும் செத்துப்போகும். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. தொடங்குகிற அன்றைக்கே இரண்டு பேருக்கு முழு அதிகாரம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்புக்கான பின் (PIN) எண் போட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தோடு பூட்டி வையுங்கள். 6 இலக்க எண்ணைக் கேட்டு யார் பேசினாலும், அது மெட்டாவிலிருந்து என்று சொன்னாலும், கொடுக்காதீர்கள்.

"மிலிட்டரி கேம்ப்லேர்ந்து பேசுறேன், 20 கிலோ வேணும், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று ஒரு போன் வரும். கியூஆரை ஸ்கேன் செய்தால் பணம் போகும், ஒருபோதும் வராது. வாடிக்கையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்ப வேண்டாம். வங்கிச் செயலியில் வரவைப் பார்த்த பிறகே பார்சல் போகட்டும். அதைச் சொல்லவும் ஒரு முறை உண்டு: "அண்ணே, பேங்க்ல ஏறுனதும் உடனே கட்டி அனுப்பிடுறோம்."

நோட்டில் ஐந்து கட்டம்

தேதி, யார், எங்கே பார்த்தார், என்ன கேட்டார், வாங்கினாரா. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் "எங்க பாத்தீங்க?" என்று கேட்டு எழுதுங்கள். மாதக் கடைசியில் 590 ரூபாயை விளம்பரத்தால் வந்த ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 4 ஆர்டர் என்றால் ஓர் ஆர்டருக்குச் சுமார் 148 ரூபாய் ஆகிறது. அரைக் கிலோ நெத்திலியில் லாபம் 80 என்றால் அந்த விளம்பரம் நட்டம்; வாங்கியவர்கள் மறுபடி வாங்கினால்தான் தேறும். அதனால் இரண்டாவது முறை வந்தவர் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். மூன்று மாதம் ஓட்டியும் கோடே விழவில்லை என்றால், விளம்பரத்தை நிறுத்திவிட்டு சரக்கையும் பார்சல் கட்டுவதையும் பாருங்கள். கோடு விழுகிறது என்றால் அந்த நகரத்துக்கே அடுத்த மாதமும் 590 போடலாம்.